இலை காணாத பூ

தெலா மதினியின் மூக்கு எங்கள் ஊருக்கே பொதுச்சொத்து. வசந்தத்தில் பனி பின்வாங்கி, மலையில் தழை தலைகாட்டியதும், பெண்கள் தாங்கள் பறித்த கட்டைத் தூக்கிக்கொண்டு அவள் வாசலுக்குத்தான் முதலில் வருவார்கள். அவள் ஒரு இலையைக் கிள்ளி, இரண்டு விரலுக்கு நடுவில் கசக்கி, மூக்கருகே கொண்டுபோவாள். "மூசீர். கொண்டு போ" என்பாள். இல்லையென்றால், "கழுதைக்குப் போடு" என்பாள். அதற்கு மேல் பேச்சு கிடையாது. மூசீர் என்றால் எங்கள் மலைப்பூண்டு. கிழங்கைத் தயிரில் போடுவோம், இளந்தழையைக் கஞ்சியில் போடுவோம். அந்த வாசனை இருந்தால் மூசீர், இல்லாவிட்டால் இல்லை. ஈரானின் ஸர்த் கூஹ் மலையடிவாரத்தில் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு அதுதான்.

அவள் மகன் பேர் யாவர். அவனுக்குப் பெண் பார்க்கப் போனபோதும் அந்த மூக்குதான் முன்னால் போனது. என் நீல பிக்கப் வண்டியில்தான் போனோம். பெண் ஸனோபரின் முன்னால் இரண்டு தோல்பைகளை வைத்து, "எது நேத்துக் கடைஞ்ச மோர், எது முந்தாநாள் மோர்?" என்று கேட்டாள் மதினி. அந்தப் பெண் குனிந்து மோந்து பார்த்துச் சரியாகச் சொன்னாள். "ஹெதாயத்து, இவதான்" என்று என் பக்கம் திரும்பிச் சொன்னாள் மதினி, ஆட்டுச் சந்தையில் சொல்கிற மாதிரி. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மதினியின் புருஷன், என் பக்கத்து வீட்டு குதாகரம் அண்ணன், என் தொடையைக் கிள்ளினார். உலகத்தையே வீட்டுக்குள் பூட்டிவைத்த அந்தக் காய்ச்சல் வருவதற்கு முந்தின வருஷம் அது.

இந்தக் கதை அந்தப் பெண் பார்த்ததற்கு மூன்று வருஷம் கழித்து நடந்தது.

அன்றைக்குக் காலையில் மாமியாரையும் மருமகளையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு மேலே போனேன். வருஷத்தின் முதல் தழை. மதினி புறப்படுமுன் வாசலில் உட்கார்ந்து ஒரு சட்டி மூசீர்க் கிழங்கு உரித்திருந்தாள். அந்த வாடை தாங்காமல் நான் குளிரிலும் கண்ணாடியை இறக்கிவிட்டேன்.

"என்னடா, மணக்குதா?"

"மணக்கல மதினி, கண்ணு எரியுது. மொளகாத் தூள் பட்ட மாதிரி இருக்கு."

"ராத்திரி தயிரோட வந்து கேப்பே பாரு, அப்பச் சொல்லு."

ஸனோபர் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து சிரித்தாள். அவள் மூக்கைப் பொத்தவில்லை. அதை அப்போது நான் கவனிக்கவில்லை. கவனித்திருந்தாலும் என் மண்டைக்கு எட்டியிருக்காது.

பனி உருகி ஓடும் ஓடையோரம் ஒரு புல்வெளி. அதற்கு மேலே உதிரிக் கல் சரிவு. மதினிக்கு முழங்கால் வலி. அவள் புல்வெளியோடு நின்றுகொண்டாள். மருமகள் சரிவில் ஏறினாள். எங்கள் பெண்களிடம் ஒரு வழக்கம் உண்டு. வருஷத்தின் முதல் தழையை அறுத்த இடத்தில், பக்கத்து முள்புதரில் தன் தறிக் கம்பளி நூல் ஒன்றைக் கட்டிவிட்டு வருவார்கள். இலையுதிர் காலத்தில் மேய்ச்சல் முடிந்து இறங்கும்போது கட்டினவளே அவிழ்க்க வேண்டும். மதினியின் நூல் எப்போதும் சிவப்பு. ஸனோபருடையது நீலம். நான் கல்லடுப்பில் தேநீர் போட்டுக்கொண்டு இரண்டு முடிச்சும் விழுவதைப் பார்த்தேன்.

மத்தியானம் கஞ்சி. காய்ந்த தயிர்க்கட்டியைக் கரைத்து, பயறு போட்டு, தழையைக் கொத்திப் போட்ட கஞ்சி. குதாகரம் அண்ணன் சுவர் மேல் எட்டிப் பார்த்துக் கூப்பிட்டார். "வாடா, வருஷத்து மொதக் கஞ்சி." எனக்கு டயர் பஞ்சர். கை முழுக்க கிரீஸ். "நீங்க சாப்பிடுங்க, எனக்கு ஒரு கிண்ணம் வைங்க" என்றேன். அவர் மூன்று கிண்ணம் குடித்தார். என் கிண்ணத்தையும் சேர்த்து. மதினி உப்புப் பார்க்கக் குடித்தது போக அரைக் கிண்ணம் குடித்தாள். யாவர் ஆட்டோடு போயிருந்தான். ஸனோபர் ரொட்டியும் மோரும் சாப்பிட்டாள்.

சாயங்காலம் அண்ணனுக்கு வாந்தி ஆரம்பித்தது. மதினிக்கும்தான். அவளுக்கு விடிவதற்குள் நின்றுவிட்டது. விடிந்ததும் அவரைப் பின்னால் மெத்தை போட்டுப் படுக்கவைத்து நகரத்து ஆஸ்பத்திரிக்கு ஓட்டினேன். மறுநாள் எழுந்து உட்கார்ந்து, "பழுதில்லடா, வீட்டுக்குப் போலாம்" என்று தேநீர் கேட்டார். எனக்கு உயிர் வந்தது. டாக்டர் மட்டும் சிரிக்கவில்லை. "என்ன தழை சாப்பிட்டாங்க?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். "இது தழையில கலந்த விஷம். இப்ப நல்லாயிருக்கிற மாதிரிதான் இருக்கும்." மூன்றாம் நாள் அண்ணன் போய்விட்டார். போகும்போது எந்த மெத்தையில் படுத்திருந்தாரோ அதே மெத்தையில்தான் திருப்பிக் கொண்டுவந்தேன்.

டாக்டர் சொன்னதை நான்தான் ஊரில் சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாம். என் வாய் அப்படி.

இரண்டு பேர் தழை பறித்தார்கள். ஒருத்தி தெலா. அவள் தப்புச் செய்வாள் என்று சொன்னால் ஊரில் நாய்கூட நம்பாது. மிச்சம் இருந்தது ஒருத்திதான். அதிலும் அவள் கஞ்சியைத் தொடவில்லை.

அடக்கத்தன்று பெண்கள் புழுதியை அள்ளித் தலையில் போட்டுக்கொண்டு பாடி அழுதார்கள். பிறகு வழக்கப்படி, மதினி தன் பின்னலைக் கத்திரித்து, மண்மேட்டில் வைத்து, பறக்காமல் கல்லை ஏற்றினாள். அடுத்து மருமகள். ஸனோபர் முக்காட்டுக்குள்ளிருந்து பின்னலை வெளியே எடுத்தாள். கத்திரிக்குக் கை நீட்டினாள். மதினி கத்திரியைக் கொடுக்கவில்லை.

"உன் முடி அவர் மேல படக்கூடாது."

அவ்வளவுதான் சொன்னாள். சத்தம்கூட இல்லை. அந்தப் பெண் பின்னலைக் கையில் பிடித்தபடி நின்றாள். பிறகு அதை உள்ளே விட்டுக்கொண்டு கூட்டத்துக்குப் பின்னால் போனாள். நான் அங்கே இருந்தேன். ஒரு வார்த்தை சொல்லவில்லை.

பத்து நாள் கழித்து இன்னொன்றும் வெளியே வந்தது. அடுப்பில் பால் தீய்ந்து, நெடி என் வீடு வரைக்கும் வந்தது. நான் ஓடிப் பார்த்தால் ஸனோபர் அடுப்புக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து மாவு பிசைந்துகொண்டிருந்தாள். மதினி வாசலில் நின்று அவளையே பார்த்தாள்.

"உனக்கு வாசனை தெரியலையா?"

ஸனோபர் மாவிலிருந்து கையை எடுத்தாள்.

"எத்தன நாளா?"

"அந்தக் காய்ச்சலுக்கு அப்புறம்."

"ரெண்டு வருஷமா? என் பாலு, என் வெண்ண, என் தழை, எல்லாத்தையும் செத்த மூக்க வச்சுக்கிட்டா தொட்டே?"

அதோடு முடிந்தது. அண்ணனின் கூடப்பிறந்த தம்பி மொராத் பெரிய மனுஷனாக உட்கார்ந்து முடிவு சொன்னார். அவர் கெட்டவர் இல்லை. அண்ணனைப் பறிகொடுத்தவர். "தெரிஞ்சு செஞ்சான்னு நான் சொல்லல. ஆனா மறச்சா. மறச்சதுல என் அண்ணன் போனான். துக்க வீட்ல ஆளு வேணும், கோடை முடியட்டும். மேய்ச்சல்லேர்ந்து இறங்கற அன்னைக்கு இவள அப்பன் வீட்ல விட்ரு, யாவர்." யாவர் தரையைப் பார்த்தான். அவன் வாயைத் திறப்பது ஆட்டைக் கூப்பிட மட்டும்தான். "அழச்சுட்டு வந்தது நான். நானே கொண்டுபோய் விடறேன்" என்றாள் மதினி.

மூன்றாவது வாரத்தில் மதினிக்கு மிச்ச முடியும் கொட்டியது. சீப்பு வைத்தால் சீப்போடு, முக்காடு எடுத்தால் முக்காட்டோடு வந்தது. புருஷன் போன துக்கம் என்றார்கள் ஊர்ப் பெண்கள். அழுதார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

நாற்பதாம் நாள் காரியம் முடிந்து, குடும்பம் மேலே கறுப்புக் கூடாரத்துக்குப் போயிற்று. ஆடுகளுக்கு உப்பு மூட்டை ஏற்றிக்கொண்டு போனபோது ஸனோபரும் வண்டியில் இருந்தாள். புல்வெளி வந்ததும், "நிறுத்துங்க, சித்தப்பா" என்றாள்.

முதலில் சரிவில் ஏறினாள். நானும் மூச்சு வாங்க ஏறினேன். நீல நூல் கட்டிய புதருக்குக் கீழே, கல்லுக்கு நடுவில், மூசீர் ஆள் இடுப்பு உயரத்துக்குத் தண்டு விட்டு நின்றது. ஒவ்வொரு தண்டின் உச்சியிலும் ஊதா உருண்டை. குழந்தை கைக்கு அடங்கும் பந்து அளவு.

"தொட்டுப் பாருங்க. இலையத் தொடுங்க."

தொட்டேன். வாடத் தொடங்கிய இலை. சாம்பல் பூத்த மாதிரி, மேலே மெல்லிய மயிர். ஆட்டுக்குட்டியின் காதைத் தொட்டால் இருக்குமே, அப்படி.

"மூக்கு போனப்புறம் நான் இப்படித்தான் பறிக்கறேன். விரலால தடவிப் பாப்பேன். மயிர் இருக்கணும். கீழ தோண்டினா கிழங்குத் தோல் வெள்ளையா இருக்கணும். கல்லுக்கு நடுவுலதான் இருக்கணும். ஈரத்துல மூசீர் நிக்காது, அழுகிரும். ரெண்டு வருஷத்துல ஒண்ணுகூடத் தப்பல, சித்தப்பா."

பிறகு கீழே புல்வெளிக்கு இறங்கினோம். ஓடையோரம், சிவப்பு நூலுக்கு அடியில், அகலமான இலைகள் மஞ்சளாகிச் சாய்ந்து கிடந்தன. தண்டு இல்லை, பந்து இல்லை. இலைகளுக்கு நடுவே, மண்ணோடு ஒட்டி, பேரீச்சங்காய் மாதிரி ஒரு பச்சைக் காய். இலையைத் தடவினேன். வழவழவென்று, எண்ணெய் தேய்த்த தோல் மாதிரி இருந்தது. அவள் விரலால் மண்ணைக் கிளறினாள். ஆழத்தில் கிழங்கு. தோல் கறுப்புக்குப் பக்கமான பழுப்பு.

"என்ன செடி இது?"

"தெரியல. பூத்தாத்தானே என்னன்னு சொல்ல முடியும். ஆனா மூசீர் இல்ல."

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. "வா, இப்பவே மொராத் கிட்டப் போலாம். எல்லாரையும் இங்க இழுத்துட்டு வரேன்."

"வேண்டாம்."

"பைத்தியமா உனக்கு? வீட்ட விட்டுத் தொரத்தறாங்க!"

"அன்னைக்குக் கூடையக் கொட்டி ரெண்டு பேரும் தழை ஆஞ்சோம். அவங்க கட்டுல இலை மினுமினுன்னு இருந்துச்சு. 'அத்த, இது வழவழன்னு இருக்கே'ன்னு கேட்டேன். அவங்க கசக்கி மோந்து பாத்துட்டு, 'இளசு, அதான். நீயே மோந்து பாரு'ன்னு என் மூக்குல வச்சாங்க." அவள் கையில் ஒட்டிய மண்ணைத் தேய்த்தாள். "நான் 'ஆமா அத்த, வாசனை இருக்கு'ன்னு சொன்னேன்."

நான் அங்கேயே ஒரு கல்லில் உட்கார்ந்தேன்.

"எனக்கு மூக்கு இல்லன்னு சொல்லியிருந்தா, அவங்க கைய கழுவிட்டு இன்னொரு தடவ பாத்திருப்பாங்க. மாமா இருந்திருப்பாரு. கிழங்கு உரிச்ச கை அது, சித்தப்பா. அந்தக் கையால மண்ணக் கசக்கினாலும் மூசீர் வாசனைதான் வரும். அன்னைக்கு எனக்கு இது தோணல. மூக்கு போனதுலேர்ந்து கஞ்சி எனக்கு மண்ணு மாதிரி, அதான் நான் குடிக்கல. இப்பத்தான் தோணுது."

"அதுக்காக நீ போவியா?"

"தன் புருஷன் வாயில தானே விஷத்த ஊட்டினேன்னு தெரிஞ்சா அவங்க இருப்பாங்களா? நான் போனா எனக்கு வீடுதான் போகும். மாமா என்னை ஒரு நாள் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்ல, 'என் கண்ணு'ம்பாரு. அவரு வீட்ல இன்னொரு சாவு வேண்டாம்."

வண்டியில் இருந்த ரொட்டி மேல் என் கையை வைத்து, யாரிடமும் சொல்வதில்லை என்று சத்தியம் வாங்கிக்கொண்டாள். ரொட்டி மேல் செய்த சத்தியம். உளறுவாயன் நான், அந்தக் கோடை முழுக்க அதை வயிற்றில் கல்லாகச் சுமந்தேன்.

கோடை போயிற்று. ஓக் மரங்களின் இலை பழுத்தது. யாவர் ஆடுகளோடு நடந்து இரண்டு நாள் முன்னதாக ஊருக்கு இறங்கிவிட்டான். கூடாரத்தைச் சுருட்டி, பாத்திரம், தோல்பைகள், தறிக்கட்டை எல்லாம் ஏற்றினேன். மதினி நடுவில், ஸனோபர் ஜன்னலோரம். அவள் மடியில் துணி மூட்டை. பாதை கவடாகப் பிரியும் இடத்தில் இடது பக்கம் திரும்பினால் அவள் அப்பன் ஊர்.

நான் கியரை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு ஓட்டினேன்.

திருப்பத்தில் புல்வெளி வந்தது. முழுக்க ஹஸ்ரத் பூ. அதை எங்கள் ஊரில் தெரியாதவர் கிடையாது. இலையுதிர் காலத்தில் காய்ந்த மண்ணைப் பிளந்துகொண்டு, இலையே இல்லாமல், வெறும் வெளிர் ஊதாப் பூவாக வரும். ஒரு சாண்கூட இருக்காது. அது வந்தால் மேய்ச்சல் முடிந்தது, மூட்டை கட்டு என்று அர்த்தம். ஹஸ்ரத் என்றால் ஏக்கம்; தன் இலையை ஒரு நாளும் பார்க்காமல் ஏங்குகிற பூ என்பதால் அந்தப் பேர். அதற்கு இலையே கிடையாது என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம். வசந்தத்தில் அந்த இடத்தில் நிற்கிற இலையைப் பார்த்தவர்களுக்கு அதன் பூ தெரியாது. பூவைப் பார்த்தவர்கள் இலையைத் தேடியதில்லை.

"நிறுத்து. நூல் அவுக்கணும்" என்றாள் மதினி.

ஸனோபர் கதவைத் திறந்து குதித்தாள். "நீங்க இருங்க அத்த, முழங்கால் வலிக்கும். நான் ரெண்டையும் அவுத்துட்டு வரேன்."

"கட்டினவதான் அவுக்கணும். தெரியாதா உனக்கு?"

"இந்த ஒரு தடவ..."

"தள்ளு."

ஸனோபர் என்னைப் பார்த்தாள். நான் ஸ்டீயரிங்கைப் பார்த்தேன். ரொட்டி மேல் செய்த சத்தியம் வாய்க்குத்தான், மதினியின் காலைப் பிடித்து நிறுத்த அதில் ஒன்றும் சொல்லவில்லை. நான் அசையவில்லை. அது சரியா தப்பா என்று இன்றைக்கும் தெரியவில்லை.

மதினி முட்செடிக்குப் போய்க் குனிந்தாள். முடிச்சில் கை வைத்தவள் அப்படியே நின்றாள். அவள் காலடியில், சிவப்பு நூலுக்கு நேர் கீழே, ஏழெட்டுப் பூ. மெல்ல உட்கார்ந்தாள். பூவுக்குப் பக்கத்தில் காய்ந்த சருகு ஒன்று மண்ணில் ஒட்டியிருந்தது. நுனி நேராக, கத்தி வைத்து அறுத்த மாதிரி. அவள் கத்திதான். அவள் விரலால் தோண்டினாள். பூவும் சருகும் ஒரே கிழங்கில் வந்தன. பழுப்புத் தோல் கிழங்கு.

அதை மூக்கருகே கொண்டுபோனாள். வெகு நேரம் வைத்திருந்தாள். பிறகு எழுந்து, மேலே சரிவை அண்ணாந்து பார்த்தாள். நீல நூலைச் சுற்றி, காய்ந்த மூசீர்ப் பந்துகள் தண்டோடு காற்றில் ஆடிக்கொண்டிருந்தன.

திரும்பி வந்து வண்டிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"உனக்குத் தெரியுமா?"

"தெரியும் அத்த."

"எப்பலேர்ந்து?"

"நாப்பதாம் நாளைக்கு அப்புறம்."

"அன்னைக்கு நான் உன் மூக்குல வச்சேன். வாசனை இருக்குன்னு சொன்னே."

"சொன்னேன். மூக்கு செத்தது தெரிஞ்சா அனுப்பிருவீங்கன்னு பயந்தேன்."

மதினி யோசித்தாள். "அனுப்பித்தான் இருப்பேன்" என்றாள்.

பிறகு முக்காட்டைத் தளர்த்தித் தலையைத் தடவினாள். ஆண்பிள்ளை போல் குட்டையாக முளைத்திருந்தது. "இதுவும் அந்தக் கஞ்சிதானா?" என்று என்னைக் கேட்டாள். நான் தலையாட்டினேன். அந்தக் கோடையில் சும்மா இருக்க முடியாமல் நகரத்துக்குப் போனபோது டாக்டரிடம் கேட்டிருந்தேன். பிழைத்தவர்களுக்கு முடி கொட்டும் என்று சொல்லியிருந்தார்.

"நான் அவருக்காகக் கொட்டுதுன்னு நெனச்சேனே" என்றாள் மதினி. அப்போதுதான் அழுதாள். வண்டியின் தகரத்தில் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதாள். ஸனோபர் பக்கத்தில் போகப் பயந்து, பிறகு போய், அவள் முதுகில் கை வைத்தாள். அந்தக் கையை மதினி தட்டிவிடவில்லை.

கவட்டில் நான் இடது பக்கம் திருப்பவில்லை. யாரும் சொல்லவும் இல்லை.

மொராத் வீட்டு முற்றத்தில் ஆண்கள் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். யாவர் ஆட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தான். வண்டியில் ஸனோபரைப் பார்த்ததும் வாளியைக் கீழே வைத்தான். மதினி இறங்கி, கிழங்கும் சருகும் பூவுமாக மடியில் வைத்திருந்ததை மொராத்தின் தேநீர்த் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"ஹஸ்ரத்துக்கு இலை உண்டு, மொராத். இதுதான். நான் பறிச்ச எடத்துல நின்னுச்சு. உங்க அண்ணனக் கொன்ன தழை நான் பறிச்சது."

"மதினி, அவளுக்குப் பரிஞ்சுக்கிட்டு..."

"எனக்கு அவ மேல அவ்வளவு பாசம் இருந்துச்சுன்னா அடக்கத்தன்னைக்கே காட்டியிருப்பேன். மேல போய் நூலப் பாரு. இன்னும் அவுக்கல."

மொராத் அந்தப் பூவைப் பார்த்தார். எடுக்கவில்லை. தேநீர் ஆறிப்போயிற்று.

"கத்திரி இருக்கா உன் வீட்ல?" என்று கேட்டாள் மதினி.

கல்லறைக்கு நாங்கள் நாலு பேர்தான் போனோம். யாவர்கூட வண்டிக்குப் பின்னால் ஏறிக்கொண்டான். முன்னோர் கல்லறை மேல் நிற்கும் பழைய கல் சிங்கத்துக்குப் பக்கத்தில் அண்ணனின் மேடு. மதினியின் பின்னல் கல்லுக்கடியில் வெயிலில் வெளுத்து, சணல் மாதிரி கிடந்தது. ஸனோபர் முக்காட்டுக்குள்ளிருந்து பின்னலை எடுத்தாள். இந்தத் தடவை அவள் கத்திரிக்குக் கை நீட்டவில்லை. மதினியே பின்னலைப் பிடித்து, தோளுக்குக் கீழே வைத்து, இரண்டு மூன்று தடவை அழுத்தி வெட்டினாள். கத்திரி மழுங்கல். தன் பின்னலுக்குப் பக்கத்தில் வைத்தாள். அதே கல்லைத் தூக்கி இரண்டின் மேலும் ஏற்றினாள்.

பிறகு குனிந்து, புருஷனிடம், பக்கத்து அறையில் இருப்பவரிடம் பேசுகிற மாதிரி சொன்னாள்:

"இது உங்க மருமக முடி. அன்னைக்கே வர வேண்டியது. நான்தான் தடுத்து வச்சிருந்தேன்."